இரும்பு குண்டு வாங்கும் முன் நாலு கேள்வி கேளுங்கள்!



எங்கள் தியாகதுருகத்தில், இப்போது நாலு பெண்கள் சேர்ந்தால் பேச்சு உடம்பைப் பற்றித்தான். முட்டி வலி, இடுப்பு வலி, சுகர், பிரஷர்... அடுத்து, செல்போனில் பார்த்த உடற்பயிற்சி! அதிலும், 'கெட்டில்பெல்' என்று ஒன்று வந்திருக்கிறது. மளிகைக்கடை எடைக்கல்லுக்கு மேல் கைப்பிடி வைத்த மாதிரி ஒரு இரும்பு குண்டு. 'இதை வைத்து வீட்டிலேயே பயிற்சி செய்யுங்கள். முப்பது நாளில் பத்து கிலோ குறையும்' என்று சொல்லி பணம் வாங்குகிறார்கள்.

எங்கள் மகளிர் குழுவில் மூன்று பேர் பணம் கட்டினார்கள். இரண்டு பேர் நாலாம் நாளே விட்டுவிட்டார்கள். மூன்றாமவள், இரண்டாவது வாரத்தில் இடுப்பு பிடித்துக்கொண்டு படுத்துவிட்டாள். மற்றவர்கள், 'இதெல்லாம் நமக்கு எதுக்குடி... வீட்டு வேலையே போதாதா?' என்று சிரித்தார்கள்.

பணம் கட்டியவர்களும் சரியில்லை, சிரித்தவர்களும் சரியில்லை என்பதே என் கருத்து. நமக்குப் பயிற்சி வேண்டும். ஆனால், எந்தப் பயிற்சி என்பதை நாம் முடிவு செய்ய வேண்டும். விளம்பரக்காரன் முடிவு செய்யக் கூடாது.

முதலில், 'வீட்டு வேலையே போதும்' என்பதைப் பார்ப்போம். நம் பாட்டிமார் அம்மியில் அரைத்தார்கள், உலக்கையால் குத்தினார்கள், கிணற்றில் நீர் சேந்தினார்கள். 2011-ல் அரசு விலையில்லா மிக்ஸி, கிரைண்டர் கொடுக்கத் தொடங்கியது. நல்ல விஷயம்தான்... ஆட்டுக்கல்லை சுற்றிய தோளுக்குத்தான் அந்த அருமை தெரியும். நான் பழையபடி அம்மிக்குப் போகச் சொல்லவில்லை. ஆனால், கனம் தூக்கும் வேலை போய்விட்டது. நின்றுகொண்டே செய்யும் வேலைதான் மிச்சம். காலையிலிருந்து ராத்திரி வரை நின்றால் அலுப்பு வரும்; பலம் வராது.

முப்பது வயதைத் தாண்டினால், பத்து வருடத்துக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தசை குறைகிறது என்கிறது மருத்துவம். மாதவிலக்கு நின்ற பின், எலும்பும் வேகமாக பலம் இழக்கிறது. தசைக்கு வேலை கொடுத்தால், அது எலும்பை இழுக்கும். அந்த இழுப்பில் எலும்பும் உறுதிப்படும். உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட அறிவுரையிலும், நடைப்பயிற்சி போன்றவற்றோடு, வாரத்தில் குறைந்தது இரண்டு நாள் தசையை பலப்படுத்தும் பயிற்சியும் வேண்டும் என்றுதான் இருக்கிறது.

இது எனக்கு வெறும் படிப்பறிவு அல்ல. என் அம்மா 61 வயதில் குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பு எலும்பு முறிந்து, நாலு மாதம் கட்டிலில் கிடந்தார். வலியை விட, 'ஒரு சொம்பு தண்ணிக்கு அடுத்தவங்கள கூப்பிட வேண்டியிருக்கே' என்றுதான் அதிகம் அழுதார். எனக்கு இடை மெலிய வேண்டாம் சகோதரிகளே... அறுபது வயதில் யார் கையும் பிடிக்காமல் எழுந்து நிற்க வேண்டும். அதற்குத்தான் பயிற்சி.

'பொம்பளை கனம் தூக்கலாமா, கை ஆம்பளை மாதிரி ஆயிடாதா?' என்று கேட்கிறார்கள். பெண் உடம்பில் ஆண் ஹார்மோன் மிகக் குறைவு; வாரம் இரண்டு நாள் பயிற்சியில் கை அப்படி ஆகாது. இந்தக் குண்டும் ஏதோ புதுமை அல்ல. ரஷ்யாவில் ஒரு காலத்தில் சந்தையில் தானியம் நிறுத்த எடைக்கல்தான் இது. நமக்கு கர்லா கட்டையும், இளவட்டக்கல்லும் இருந்தது போல, அவர்களுக்கு இது. 2000-ம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில், கர்ணம் மல்லேஸ்வரி பளு தூக்கித்தான் வெண்கலம் வாங்கினார். ஒலிம்பிக்கில் பதக்கம் வாங்கிய முதல் இந்தியப் பெண்ணே அவர்தான்!

கள்ளக்குறிச்சிக்குப் போய் நேரில் கற்றுக்கொள்ளலாம்தான். டவுன் பஸ்சில் நமக்கு கட்டணம் கூட இல்லை. ஆனால், பிள்ளைகளை பள்ளிக்கு அனுப்பிவிட்டு, மதிய சமையலுக்குள் திரும்ப வேண்டுமே! அதனால், வீட்டில்தான் செய்ய முடியும் என்பவர்கள், பணம் கட்டும் முன் இந்த நாலு கேள்வியைக் கேளுங்கள். உடற்கல்வி படித்த என் நாத்தனார் மகள் எனக்கு சொல்லித் தந்தது இது.

ஒன்று: முதல் வாரத்தில் என்ன சொல்லித் தருகிறார்கள்? குண்டை இரண்டு காலுக்கு நடுவே ஊஞ்சல் மாதிரி வீசுவதுதான் பார்க்க அழகாக இருக்கும். அதைத்தான் விளம்பரத்தில் காட்டுவார்கள். ஆனால், முதலில் குனியக் கற்றுத் தர வேண்டும். இரண்டு கையிலும் சாமான் இருக்கும்போது, பின்பக்கத்தால் கதவைத் தள்ளி மூடுவோமே... அப்படி, முதுகு வளையாமல் இடுப்பில் மடங்க வேண்டும். அது பழகாமல் வீசினால் நடு முதுகு போய்விடும். இப்படி குனியக் கற்றவள், காஸ் சிலிண்டரையும் முதுகு பிடிக்காமல் நகர்த்துவாள்.

இரண்டு: வாரத்துக்கு எத்தனை நாள்? தினமும் ஒரு மணி நேரம் என்றால், அது நம்மைப் போன்றவர்களுக்குப் போட்ட திட்டமே அல்ல. இரண்டு அல்லது மூன்று நாள், இருபது நிமிடம் போதும். நடுவில் ஒரு நாளாவது ஓய்வு வேண்டும். குண்டை மார்போடு அணைத்து, ஸ்டூலில் உட்கார்ந்து எழுவது. நாற்காலியில் ஒரு கை ஊன்றி, தண்ணீர் சேந்துவது போல மறு கையால் இழுப்பது. ஒரு கையில் தொங்கவிட்டு நடந்து, பிறகு கை மாற்றுவது... இந்த மாதிரி நாலைந்து அசைவுகள் இருந்தால் போதும்.

மூன்று: எடையை எப்படி ஏற்றுகிறார்கள்? புதிதாகத் தொடங்கும் பெண்ணுக்கு 4 அல்லது 6 கிலோ போதும். அது சுலபமான பிறகுதான் அடுத்தது. முதல் நாளே விலை உயர்ந்த பெரிய குண்டை வாங்கச் சொன்னால், அவர்களுக்கு வேண்டியது வியாபாரம். நான் முதல் மாதம் குண்டே வாங்கவில்லை. கைப்பிடி உறுதியான துணிப்பையில் 5 கிலோ அரிசி போட்டுத்தான் பழகினேன். வீசுவதற்கு மட்டும் பை உதவாது.

நாலு: நம் உடம்பைப் பற்றிக் கேட்டார்களா? சிசேரியன் ஆகி எத்தனை நாள், பிரஷர் உண்டா, கர்ப்பப்பை இறக்கம், குடலிறக்கம் உண்டா என்று எதுவுமே கேட்காமல், எல்லாருக்கும் ஒரே திட்டம் கொடுத்தால், அந்தப் பக்கமே போகாதீர்கள். இந்தத் தொந்தரவு உள்ளவர்கள், டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது. கூடவே பவுடர் வாங்கச் சொன்னாலும் ஒரு கும்பிடு போட்டுவிடுங்கள்!

ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கரும்பு வெட்டப் போகிறவளுக்கும், கல்வராயன் மலையில் விறகு சுமந்து இறங்குகிறவளுக்கும் இந்தக் குண்டு வேண்டாம். அவர்களுக்கு வேண்டியது நல்ல சாப்பாடும், ஓய்வும். இது, மிக்ஸியும் குழாயும் வந்தபின் கனம் தூக்காமலே இருக்கும் நமக்குத்தான்.

கடைசியாக, வீட்டில் உள்ள ஆண்களுக்கும், மாமியார்களுக்கும் ஒரு வார்த்தை. விழுந்த பிறகு ஆஸ்பத்திரிக்கு கடன் வாங்கி செலவழிக்கிறோம். விழாமல் இருக்க, வாரத்தில் இரண்டு நாள், இருபது நிமிடம் அடுப்பை நீங்கள் பார்த்துக்கொண்டால் ஆகாதா? சகோதரிகளே, அந்த நேரத்தை தயங்காமல் கேட்டு வாங்குங்கள்!

– ஒரு இல்லத்தரசி, தியாகதுருகம்.