பிறை வடிவில் நின்ற வண்டிகள்

புது வீட்டிற்குக் குடிபோகும் குடும்பத்தார் நாள் பார்க்கின்றனர், நட்சத்திரம் பார்க்கின்றனர், தலைவாசல் எத்திசை நோக்குகிறது என்று பலரிடமும் கேட்டுத் தெளிகின்றனர். பசுவும் கன்றும் முன்னே நுழைய, கணபதி ஹோமப் புகை கண்ணைக் கரிக்க, புதுப் பாத்திரத்தில் பால் பொங்குகிறது. உற்றார் உண்டு மகிழ்ந்து, மொய் எழுதி விடைபெறுகின்றனர். மறுநாள் விடிந்ததும் அவ்வீட்டை அங்குலம் அங்குலமாகச் சோதிக்கப் புறப்படுவது, அப்போதுதான் நடை பழகும் அவ்வீட்டுக் குழந்தை. எந்தக் கதவு சாத்தினால் விரல் நசுங்கும், எந்தப் படியில் கைப்பிடி இல்லை, எந்த பிளக் பாயிண்ட் தன் கைக்கு எட்டும் என்பதையெல்லாம் கொத்தனாரும் பொறியாளரும் அறியாத நுட்பத்தோடு அது ஒரே வாரத்தில் கண்டுபிடித்துவிடுகிறது.

குழந்தையோடு வீடு மாறுவதன் கவலை மிகப் பழையது. ஸ்ரீமத் பாகவதத்தின் பத்தாம் ஸ்கந்தத்தில் ஓர் ஆயர்குலம் முழுவதுமே அவ்வாறு இடம்பெயர்ந்த வரலாறு வருகிறது. கோகுலத்தில் ஒன்றன்பின் ஒன்றாக ஆபத்துகள். பூதனை வந்தாள், சகடம் கவிழ்ந்தது, சூறைக்காற்றாய்த் திருணாவர்த்தன் குழந்தையைத் தூக்கிப் போனான், இரட்டை மருத மரங்கள் வேரோடு சாய்ந்தன. பெரியோர் கூடினர். வயதிலும் அறிவிலும் முதிர்ந்த உபநந்தர் எழுந்து, குழந்தைகளின் நலன் கருதி இனி இங்கே இருத்தல் தகாது, பிருந்தாவனம் புல்லும் நீரும் நிறைந்த இடம், இன்றே புறப்படுவோம் என்றார். மறுப்பார் இல்லை. முதியோரையும் பெண்டிரையும் பிள்ளைகளையும் தட்டுமுட்டுப் பொருள்களையும் வண்டிகளில் ஏற்றினர். பசுக்களை முன்னே விட்டனர். யசோதையும் ரோகிணியும் தத்தம் பிள்ளைகளோடு ஒரே வண்டியில் அமர்ந்து, அவர்களின் விளையாட்டுகளைப் பேசக் கேட்டு மகிழ்ந்தபடி சென்றனர்.

போய்ச் சேர்ந்த இடத்தில் அவர்கள் செய்த முதல் காரியந்தான் ஊன்றி நோக்கத்தக்கது. வண்டிகளைப் பிறைச்சந்திரன் வடிவில் வளைத்து நிறுத்திக் குடியிருப்பை அமைத்தனர் என்கிறது பாகவதம். ஒரு குடும்பத்து வண்டி ஒரு மூலையிலும் இன்னொன்று மறுமூலையிலுமாக நிற்கவில்லை. வளைவின் நடுவே பொது முற்றம் ஒன்று தானாகவே அமைந்துவிடுகிறது. அதில் எக்குழந்தை தவழ்ந்தாலும் ஏதேனும் ஒரு வண்டியிலிருந்து ஒரு தாயின் கண் அதன்மேல் விழும். வாஸ்து நூல் புரட்டுவோர் இந்த ஓர் அமைப்பையும் சேர்த்து நினைத்துப் பார்க்கலாம்.

பக்தி இலக்கியத்தில் குழந்தை வளர்ப்பை அணு அணுவாகப் பாடிய பெருமகனார் விருதுநகர் மாவட்டத்து மண்ணில்தான் வாழ்ந்தார். ஸ்ரீவில்லிபுத்தூரில் நந்தவனம் வைத்து, வடபத்ரசாயிக்கு மாலை கட்டிச் சாத்திய விஷ்ணுசித்தர் அவர். திருப்பல்லாண்டையும் சேர்த்து 473 பாசுரங்கள் அவர் அருளியவை. அவற்றின் முற்பகுதியில் அவர் யசோதையாகவே மாறி நிற்கிறார். தொட்டிலில் இடுதல், நிலவைக் காட்டுதல், செங்கீரை, சப்பாணி, தளர்நடை, ஓடிவந்து முதுகைக் கட்டிக்கொள்ளுதல், காது குத்துதல், எண்ணெயும் புளியும் வைத்து நீராட வருந்தி அழைத்தல், காக்கையைக் கூப்பிட்டுக் குழல் வாருதல் என்று பிள்ளைப் பருவத்தின் ஒவ்வொரு படியும் ஒரு பதிகம். பிற்காலத்துப் பிள்ளைத்தமிழுக்கு வித்து இதுவே என்பர். தொட்டிலில் இட்டால் உதைக்கிறான், இடுப்பில் எடுத்தால் இடுப்பு ஒடிகிறது, இவனைத் தாங்க வலுவின்றி மெலிந்தேன் என்று யசோதை அயர்ந்து சொல்லும் இடமும் அதில் உண்டு. உலகையே உண்டவனைப் பெற்றவளுக்கும் இடுப்பு வலித்தது என்பதைக் கேட்கும்போது, இரவெல்லாம் உறங்காத இளந்தாய்மார் சற்று ஆறுதல் கொள்வர்.

அவ்வாழ்வார் இல்லத்திற்கே ஒரு குழந்தை புதிதாக வந்ததும் அன்பர்கள் அறிந்ததே. துளசிச் செடியின் அடியில் கிடைத்த அப்பெண்மகவைக் கோதை எனப் பெயரிட்டு வளர்த்தார். பெருமாளுக்கு வைத்த மாலையைப் பிள்ளை எடுத்துச் சூடிப் பார்த்தது. பூசைப் பொருளைக் குழந்தை தொட்ட முதல் வீடு அதுவாக இராது. ஆயினும் பெருமாள் அம்மாலையையே விரும்பிக் கேட்டது அவ்வீட்டில்தான். அவ்விடம் இன்று ஆண்டாள் சந்நிதி. குழந்தை கிடைத்த நந்தவனமும் இரு சந்நிதிகளுக்கும் இடையே இன்றும் போற்றப்படுகிறது.

இனி இக்காலத்து வீடுகளுக்கு வரலாம். விருதுநகர், சாத்தூர், சிவகாசி, திருத்தங்கல் ஆகிய ஊர்களின் புறத்தே, கரிசல் காட்டை மனைகளாகப் பிரித்து, ‘நகர்’ என்று முடியும் பெயர் சூட்டிய குடியிருப்புகள் பெருகியுள்ளன. பழைய தெருவில் ஒட்டி ஒட்டி நின்ற வீடுகளில் வாழ்ந்தவர்களின் பிள்ளைகள் இங்கே தனிவீடு கட்டி வருகின்றனர். நல்ல காற்று, நல்ல வெளிச்சம், இருபது ஆண்டுத் தவணை. பத்திரத்தில் நான்கெல்லை எழுதும்போது அண்டை மனைக்காரரின் பெயர் தவறாமல் இடம்பெறுகிறது. அதன்பின் அப்பெயரைச் சொல்லி அழைக்கும் வாய்ப்புத்தான் வருவதில்லை. ஆளுயரச் சுற்றுச்சுவர், இரும்புக் கதவு. திண்ணை இல்லை. வாசற்படிகூடத் தரைமட்டத்தில் மறைந்துவிட்டது. தவழும் குழந்தை முதன்முதலாக நிலைப்படி தாண்டினால் கொழுக்கட்டை அவித்து அக்கம்பக்கத்தில் கொடுக்கும் வழக்கம் சில குடும்பங்களில் உண்டு. தாண்டுவதற்குப் படியும் கொடுப்பதற்குப் பக்கத்து வீடும் வேண்டும்.

இவ்வீடுகளில் பூசையறை அழகாக அமைகிறது. ஆனால் தரையில் நிற்கும் குத்துவிளக்கின் சுடர், நடை பழகும் பிள்ளையின் முகத்திற்கு நேராக எரிகிறது என்பதை அறை அமைத்தோர் எண்ணுவதில்லை. பட்டுப்பாவாடையின் நுனி சுடரைத் தொட ஒரு நொடி போதும். பிள்ளை வளரும்வரை தொங்குவிளக்கோ, மாடத்தில் வைத்த அகலோ ஏற்றினால் இறைவன் குறை கொள்ளமாட்டான். அதனினும் கவனிக்க வேண்டியது சூடம். வெள்ளைக் கட்டியாகத் தட்டில் கிடக்கும் அதற்கும் கற்கண்டுக்கும் குழந்தை வேற்றுமை அறியாது. கோயிலில் கற்கண்டு கொடுத்துப் பழக்கியவர்களும் பெரியவர்களே. சூடத்தைச் சிறிதளவு விழுங்கினாலும் குறுகிய நேரத்திற்குள் வலிப்பு வரக்கூடும். அவ்வாறு நேர்ந்தால் வாந்தி எடுக்கச் செய்ய முயலாமல், 108-ஐ அழைத்தோ கிடைத்த வண்டியிலோ மருத்துவமனைக்கு விரைதலே வழி. சூடப் பெட்டியையும் தீப்பெட்டியையும் உயரத்தில் வைத்தல் பூசைக்கு முன்செய்யும் ஏற்பாடுகளில் ஒன்றாகட்டும்.

தண்ணீரைப் பற்றியும் ஒரு சொல். குடிநீர் சில நாட்களுக்கு ஒருமுறையே வரும் ஊர்கள் இவை. ஆகவே தரைக்குக் கீழே தொட்டி, குளியலறையில் டிரம், அடுப்படியில் வரிசையாகக் குடங்கள், வாளிகள். தலை கனத்த சிறு குழந்தை வாளிக்குள் எட்டிப் பார்த்துத் தலைகீழாக விழுந்தால் தானே எழ முடியாது. ஒரு சாண் நீரும் அதற்கு ஆழ்கடல். குழாயில் தண்ணீர் வரும் அந்த ஒரு மணி நேரத்தில் வீட்டிலுள்ள அனைவரின் கண்ணும் தண்ணீரின் மேலேயே இருக்கும். தொட்டியின் மூடி திறந்து கிடப்பதும் அப்போதுதான்.

சிவகாசி வட்டாரத்தில் இவற்றோடு இன்னொன்றும் சேர்கிறது. மழை பொய்க்கும் இப்பகுதியில் வேறு பிழைப்பு தேடி, பி. ஐய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் 1922-இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்று வந்தனர். பின்னர்ப் பட்டாசும் அச்சும் தொடர்ந்தன. இத்தொழில்களில் உழைப்போரில் பெரும்பகுதியினர் பெண்கள். விடியற்காலையில் கம்பெனி வண்டி தெருமுனையில் நிற்கிறது. உறங்கும் பிள்ளையை விட்டுவிட்டுத் தாய் ஏறிச் செல்கிறாள். மாலையில் அவள் இறங்கியதும் பிள்ளை ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்கிறது. அவள் சேலையிலும் கையிலும் அலுமினியப் பொடியின் மினுமினுப்பு இன்னும் இருக்கிறது. வெளியே போய் வந்தவர் கைகால் கழுவிய பின்னரே வீட்டிற்குள் நுழைய வேண்டும் என்று முன்னோர் வாசலில் செம்பு நிறையத் தண்ணீர் வைத்தனர். மருந்து அறையிலிருந்து வருவோருக்கு அச்செம்பு இருமடங்கு பொருந்தும். குளித்து, வேலைக்கு உடுத்திய துணியைத் தனியே துவைக்கப் போட்டு, அதன்பின் பிள்ளையைத் தூக்குவது நன்று. அந்தப் பத்து நிமிடம் பிள்ளை அழுவது தாய்க்குப் பெருந்துன்பந்தான். பாட்டி ஒருத்தி இடுப்பில் வைத்துக்கொண்டு வேடிக்கை காட்டினால் அது எளிதில் கழியும். மருந்து கலந்த பொருளை வீட்டிற்குக் கொண்டுவந்து வேலை செய்வதோ, உரிமம் பெற்ற ஆலைக்கு வெளியே பட்டாசு செய்வதோ சட்டத்திற்குப் புறம்பு. நடை பழகும் குழந்தை இருக்கும் வீட்டில் அதைச் சட்டம் சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டுமா?

அந்தப் பாட்டிமாரைப் பற்றியும் சொல்ல வேண்டும். இன்று பேரனைக் கண்ணை இமை காப்பதுபோல் காக்கும் மூதாட்டியர் பலர், தாம் பள்ளி செல்ல வேண்டிய வயதில் தீப்பெட்டி ஒட்டியவர்கள். 1986-ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டம் தீப்பெட்டி, பட்டாசுத் தயாரிப்பில் சிறுவரை அமர்த்துவதைத் தடை செய்தது. சிவகாசி தொடர்பான பொதுநல வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதனை மேலும் வலியுறுத்தியது. பெண்கள் மிகுதியாக வேலை செய்யும் ஆலைகளில் ஆறு வயதுக்குட்பட்ட அவர்தம் குழந்தைகளுக்குக் காப்பறை வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டமே விதித்திருந்தது. ஏட்டில் உள்ள காப்பறை எங்கும் இருந்துவிட்டால் பாட்டியின் முழங்கால் வலி பாதி குறையும். புது வீட்டின் மாடிப்படியில் பேரனைத் துரத்தி ஏறி இறங்குவது அறுபது வயது முழங்காலுக்கு ஆகிற காரியமா என்பதையும் பிள்ளைகள் எண்ண வேண்டும். ‘அம்மா பார்த்துக்கொள்வார்’ என்று ஒரு சொல்லில் முடித்துவிடுகின்றனர்.

ஒருத்தியால் பார்க்க முடியாது என்பதே உண்மை. ஆயர்பாடியிலும் யசோதை ஒருத்தியாகப் பார்க்கவில்லை. பெரியாழ்வார் பாடல்களில் முறையிடும் பதிகம் ஒன்று வருகிறது. அயல்வீட்டுப் பெண்கள் வரிசையாக வந்து, உன் மகன் வெண்ணெயைத் தின்றதோடு நில்லாமல் வெறும் பாத்திரத்தைக் கல்லில் எறிந்து அதன் சத்தத்தை வேறு கேட்டு மகிழ்கிறான் என்று குறை கூறுகின்றனர். எவர்சில்வர் டம்ளரை டைல்ஸ் தரையில் எறிந்து காது கொடுத்துக் கேட்கும் பிள்ளையைப் பெற்றோருக்கு இது புதிதன்று. ஆனால் அங்கே ஒன்று இருந்தது. பிள்ளை எந்த வீட்டில், எப்பொழுது, என்ன செய்தது என்று தெருவுக்கே தெரிந்திருந்தது. குறை சொல்ல வருபவள் கண்டவள். கண்டவள் ஆபத்தென்றால் எடுத்தும் இருப்பாள். உயர்ந்த மதிலுக்குள் வளரும் பிள்ளையைப் பற்றிக் குறை சொல்ல ஒருவரும் வருவதில்லை. அது பெருமைப்படத்தக்க செய்தியாகத் தோன்றவில்லை.

விருதுநகர் இதனை நன்கறிந்த ஊர். வீட்டுக்கு ஒரு பிடி அரிசி என்று அன்றாடம் எடுத்துவைத்துச் சேர்த்த பொருளால் ஊரார் பள்ளிக்கூடம் நடத்தினர். 1903-இல் பிறந்து, குலதெய்வத்தின் பெயரால் காமாட்சி எனப் பெயர் பெற்று, தாய் ராஜா என்றழைக்கக் காமராஜ் ஆன பிள்ளையும் அந்த க்ஷத்திரிய வித்யாசாலையில் படித்தவரே. சிறுவயதிலேயே தந்தையை இழந்த பிள்ளை அவர். சோறு வடிக்குமுன் எவளோ ஒருத்தி எடுத்துவைத்த ஒரு பிடியில் அவருக்கும் பங்கிருந்தது.

ஆகவே பால் காய்ச்சும் நாளில் தொலைவிலுள்ள உறவினருக்குப் பத்திரிகை அனுப்புவதோடு, இடமும் வலமும் எதிரும் உள்ள வீடுகளுக்கும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தாமே நேரில் சென்று அழைத்தல் நலம். பொங்கிய பாலில் ஒரு டம்ளர் அவ்வீடுகளுக்கும் போகட்டும். பங்குனிப் பொங்கலுக்குப் பராசக்தி மாரியம்மன் கோயிலுக்கோ, ஆடியில் இருக்கன்குடிக்கோ புறப்படும்போது அடுத்த வீட்டாரையும் சேர்த்து ஒரே வண்டியில் செல்லலாம். யசோதையும் ரோகிணியும் அப்படித்தான் சென்றனர். மதிலை இடிக்க வேண்டியதில்லை. மாலை வேளையில் இரும்புக் கதவைத் திறந்து வைத்து, வாசலில் இரண்டு நாற்காலி போட்டாலே தெரு உள்ளே வரத் தொடங்கும்.

அந்த மாலை வேளைக்கும் ஆழ்வார் ஒரு பதிகம் வைத்திருக்கிறார். பொழுது சாய்ந்துவிட்டது, நாற்சந்தியில் நில்லாதே, கண்ணேறு படும், காப்பிட வா என்று யசோதை அழைக்கிறாள். கண்ணன் முதல் அழைப்பிலேயே வந்துவிடவில்லை. பாசுரத்திற்குப் பாசுரம் அவள் மீண்டும் மீண்டும் அழைக்க வேண்டியிருந்தது.