குழாய்க்கு ரத்தக் கொதிப்பு!

மார்த்தாண்டத்திலிருந்து ஒரு சகோதரி எழுதுகிறார். மேடும் பள்ளமுமான அந்த ஊரில் அவர் வீடு பள்ளத்தில் இருக்கிறது. ராத்திரி பத்து மணிக்கு மேல் சமையலறைக் குழாயை மூடினால், சுவருக்குள் யாரோ உலக்கையால் இடிப்பது போல 'டம்' என்று ஒரு சத்தம். வாஷர் மாற்றி மாற்றி அலுத்துப் போயிற்று. மாமியாரோ, "கிணத்து வெள்ளம் கோரின காலத்துல இந்தத் தொல்லை உண்டா?" என்கிறாராம். (அந்தப் பக்கத்தில் தண்ணீருக்கே வெள்ளம் என்றுதான் பெயர். பயந்துவிடாதீர்கள்!)

இதெல்லாம் இருக்கட்டும். கடிதத்தின் கடைசி வரிதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கெய்சரின் அடியில் ஒரு சின்ன வால்வு சொட்டிக்கொண்டே இருந்ததாம். ஆளை விட்டு அடைத்துவிட்டார்களாம்!

சகோதரி, முதலில் கெய்சரின் ஸ்விட்சை அணையுங்கள். அது பாதுகாப்பு வால்வு. உள்ளே அழுத்தம் மிஞ்சினால் வெளியேற அது ஒன்றுதான் வழி. அதையும் அடைத்து, சூட்டை நிறுத்தும் கருவியும் ஒரு நாள் பழுதானால், கெய்சர் வெடித்தே போகும். குழந்தைகள் குளிக்கும் அறை அல்லவா?

சரி, இவ்வளவு அழுத்தம் எங்கிருந்து வருகிறது? உயரத்திலிருந்துதான். 1966-ல் கட்டிய மாத்தூர் தொட்டிப்பாலத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். உயரம் 115 அடி. அதன் உச்சியிலிருந்து தரை வரை ஒரு குழாயை இறக்கி நீர் நிரப்பினால், அடியில் ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் மூன்றரைக் கிலோ அழுத்தம் இருக்கும். குழாய் பருமனா, ஒல்லியா என்பது கணக்கில் இல்லை. ஊர்த் தொட்டி மேட்டிலும் வீடு பள்ளத்திலும் இருந்தால், தொட்டியின் உயரத்தோடு மேட்டின் உயரமும் சேர்ந்துகொள்ளும். பகலில் ஊரே குழாயைத் திறப்பதால் அழுத்தம் இறங்கியிருக்கும். ஊர் அடங்கியதும் ஏறிவிடும். ராத்திரிச் சத்தத்தின் ரகசியம் இதுதான்.

உங்கள் மொட்டைமாடித் தொட்டியைச் சந்தேகிக்க வேண்டாம். குழாய்க்குப் பத்தடி மேலே இருந்தால் அது கொடுப்பது கால் கிலோவும் கொசுறும். ஆகவே வாசலில் ஊர்க் குழாயின் வால்வை மூடிவிட்டு, எந்தெந்தக் குழாயில் தண்ணீர் நிற்கிறது என்று பாருங்கள். நிற்பவை நேரடி இணைப்பு. வியாதி அங்கேதான்.

வாளி சீக்கிரம் நிரம்புவதை வைத்து முடிவு கட்டாதீர்கள். துரு அடைத்த குழாயில் தண்ணீர் நூலாக வரும், மூடியதும் அழுத்தம் முழுசாக நிற்கும். 'டம்' சத்தமும் முழுச் சாட்சி ஆகாது. ஓடுகிற தண்ணீரைச் சட்டென்று நிறுத்தினால் சாதாரண அழுத்தத்திலும் இடிக்கும். கெய்சர் வால்வு சூடாகும்போது மட்டும் கொஞ்சம் சொட்டினால், வெந்நீர் விரிகிறது என்று அர்த்தம். ஸ்விட்ச் போடாமலே சொட்டினால் ஒன்று வால்வு கெட்டிருக்க வேண்டும், அல்லது அழுத்தம் அதிகமாயிருக்க வேண்டும்.

ரத்தக் கொதிப்புக்கு டாக்டர் கருவி வைத்துப் பார்ப்பதில்லையா? இதற்கும் முள் வைத்த அழுத்தமானி உண்டு. குழாய்ச் சாமான் கடையில் கேளுங்கள். நேரடிக் குழாயில் திருகி, மற்ற எல்லாவற்றையும் மூடிவிட்டு, மாலையில் ஒரு தரம், படுக்கப் போகுமுன் ஒரு தரம், விடியற்காலையில் ஒரு தரம் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று, நான்கு கிலோ என்றால் கவலையில்லை. ஐந்தரையைத் தாண்டினால் வீட்டுக்குள் நுழையும் இடத்திலேயே அழுத்தம் குறைக்கும் வால்வு போட வேண்டும். அதைப் போட்டாலும் கெய்சருக்குப் பாதுகாப்பு வால்வு வேண்டாம் என்று ஆகிவிடாது.

என்னைக் கேட்டால், கெய்சரை மாடித் தொட்டியோடு இணைப்பதுதான் சுலபம். எதுவானாலும் அடைத்த வால்வை எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்று போட்ட பிறகுதான் ஸ்விட்சைத் தொட வேண்டும். அதுவரை குழந்தைகளுக்கு வெந்நீர் அடுப்பிலேயே காயட்டும்.