முற்றத்துத் தேன்சிட்டும் வெரோணிக்காவின் துணியும்



சென்ற ஆண்டு என் அன்னை இறைவனடி சேர்ந்தார்கள். முப்பதாம் நாள் திருப்பலிக்காக அவர்களுடைய நிழற்படம் ஒன்று தேவைப்பட்டது. வீட்டிலிருந்த ஆல்பங்களையெல்லாம் கூடத்தில் பரப்பி வைத்துக்கொண்டு நானும் என் மனைவியும் தேடினோம். ஞானஸ்நானப் படங்கள் இருந்தன. புதுநன்மைப் படங்கள் இருந்தன. திருமணப் படங்களோ ஏராளம். அவற்றில் எல்லாம் அம்மாவும் இருந்தார்கள். ஆனால் எங்கே? பின்வரிசையில், யாரோ ஒருவருடைய தோளுக்குப் பின்னே, பாதி முகமாக. முன்னே நின்ற இரண்டொரு படங்களிலும் விளக்கொளியைக் கண்டு மிரண்டு, மூச்சை அடக்கிக்கொண்டு, வேறு யாரோபோல் நின்றார்கள்.

கடைசியில் பழைய பிஸ்கட் டப்பா ஒன்றிலிருந்து ஒரு படம் கிடைத்தது. சதுரமான கறுப்பு வெள்ளைப் படம். அதன் கதை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. 1974-ஆம் ஆண்டு எனக்குப் புதுநன்மை. என் தாய்மாமன் எங்கிருந்தோ ஓர் ‘ஆக்ஃபா கிளிக் 3’ காமிராவை இரவல் வாங்கி வந்திருந்தார். அதில் ஒரு சுருள் போட்டால் 12 படங்கள் எடுக்கலாம். 11 படங்களை எனக்கும் விருந்தினருக்கும் செலவிட்டார். மறுநாள் காலை சுருளைக் கழுவக் கொடுக்க வேண்டும். ஒரே ஒரு படம் மீதம். அதை வீணாக்குவானேன் என்று, முற்றத்தில் கோழிகளுக்குத் தவிடு பிசைந்து வைத்துக்கொண்டிருந்த அம்மாவை நோக்கி விசையைத் தட்டிவிட்டார். “தம்பி, கோழிக்கெல்லாமா பிலிம் செலவழிப்பது?” என்று அம்மா அவரைக் கடிந்துகொண்டார்கள்.

அந்தப் படத்தில்தான் அம்மா அம்மாவாக இருந்தார்கள். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, தவிட்டுச் சட்டிக்குள் ஏறி நிற்கும் ஒரு குஞ்சைக் கண்டு வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். திருப்பலியன்று பீடத்தருகே வைத்தது அந்தப் படத்தைத்தான். பார்த்தவர்கள் எல்லாரும் கண்கலங்கினார்கள். கலங்கிய கண்ணோடு சிரிக்கவும் செய்தார்கள்.

அன்றிலிருந்து ஓர் எண்ணம் என்னை விடவில்லை. திருநாளுக்கு 11 படங்கள். சாதாரண நாளுக்கு, அதுவும் மீதமாய்ப் போன காரணத்தால், ஒன்று. நம் வாழ்க்கையின் கணக்கும் இதுதானோ? ஆண்டுக்கு ஒரு கிறிஸ்து பிறப்பு, ஓர் உயிர்ப்புப் பெருவிழா, ஒரு பங்குத் திருவிழா. எஞ்சிய நாள்கள் எல்லாம் கோழிக்குத் தவிடு வைக்கும் நாள்களே. நம் ஆண்டவரும் இவ்வுலகில் வாழ்ந்த காலத்தின் பெரும்பகுதியை நாசரேத்தூரில், தச்சுப்பட்டறையிலும் தாயின் அடுப்பங்கரையிலுமாக, எவரும் எழுதி வைக்காத சாதாரண நாள்களாகவே கழித்தார் அல்லவா? அந்நாள்களை நாம் மகிழ்ச்சி இல்லாத நாள்கள் என்று எண்ணிவிட்டால், வாழ்வின் பெரும்பகுதியையே இழந்தவர்கள் ஆவோம்.

இன்று நம் பங்குக் குடும்பங்களில் பலவற்றில் கைப்பேசி இருக்கிறது. அதில் காமிராவும் இருக்கிறது. சுருள் வாங்க வேண்டாம். கழுவக் கொடுக்க வேண்டாம். ஒரு நாளில் நூறு படங்கள் எடுக்கிறோம். எடுத்தவற்றுள் எத்தனையை மறுமுறை பார்க்கிறோம்? நான் குறை கூற வரவில்லை. இந்தச் சிறு கருவி அன்றாட வாழ்வில் நமக்கு எவ்வளவு மகிழ்ச்சியைத் தரக்கூடும் என்பதை, அதுவும் என் தவற்றின் வாயிலாகவே கற்றுக்கொண்டதை, உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

அம்மா மறைந்தபின் எங்கள் வீட்டுப் பின்முற்றத்துக்குச் செல்வதையே நான் தவிர்த்து வந்தேன். காலையில் எழுந்தால் அந்தப் பக்கத்துக் கதவைத் திறக்க மனம் வராது. இரண்டு மாதம் சென்றிருக்கும். ஒருநாள் என் மனைவி வந்து, “அத்தை துணி உலர்த்தும் கொடியில் ஏதோ குப்பை தொங்குகிறது என்று எடுக்கப் போனேன், அது குருவிக் கூடு” என்றாள். சென்று பார்த்தேன். தேன்சிட்டு ஒன்று கூடு கட்டிக்கொண்டிருந்தது. நம் கட்டைவிரல் நீளத்தைக் காட்டிலும் சற்றே பெரிய பறவை. நாரையும் காய்ந்த இலைத் துணுக்குகளையும் மரப்பட்டைச் சிம்புகளையும் கொண்டுவந்து, சிலந்தி நூலால் சுற்றிச் சுற்றி ஒட்டி, ஒரு சுருக்குப்பையைப் போல் தொங்கவிட்டிருந்தது. பக்கத்தில் ஒரு வாசல். வாசலுக்கு மேலே மழைநீர் வடிய ஒரு சிறு தாழ்வாரம்! கொத்தனாரும் இல்லை, நூல்குண்டும் இல்லை.

எனக்கு ஆசை மேலிட்டது. முக்காலி போட்டு ஏறி, கைப்பேசியைக் கூட்டின் வாசலுக்கே கொண்டுசென்று படம் எடுத்தேன். பறவை பதறிப் பறந்து முருங்கை மரத்தில் அமர்ந்து கத்தத் தொடங்கியது. நண்பகல் ஆயிற்று; அது திரும்பவில்லை. எனக்கு உணவு இறங்கவில்லை. அப்போது என் மனைவி கேட்ட கேள்வியை நான் மறக்க மாட்டேன்: “நீங்கள் பார்க்கப் போனீர்களா, பிடிக்கப் போனீர்களா?”

‘படம் பிடிப்பது’ என்று நாம் சொல்கிறோம். பிடிப்பது என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள் உண்டு. கைப்பற்றுவதும் பிடிப்பதே; அன்புகொள்வதும் பிடிப்பதே. “எனக்கு அவனைப் பிடிக்கும்” என்கிறோம் அல்லவா? நான் முதல் பொருளில் படம் பிடிக்கச் சென்றேன். இரண்டாம் பொருளில் சென்றிருக்க வேண்டும்.

நல்லவேளையாக மாலைக்குள் பறவை திரும்பியது. மறுநாள் முதல் நான் முற்றத்தில் இறங்கவில்லை. சமையலறைச் சன்னலுக்கு உட்புறம் ஒரு நாற்காலி போட்டு, காலைச் செபம் முடிந்ததும் அரைமணி நேரம் அமர்ந்திருக்கலானேன். முதல் மூன்று நாள்கள் ஒரு படமும் தேறவில்லை. ஆனால் என் கண் தேறிற்று. கூடு கட்டுவது பெரும்பாலும் பெண் பறவைதான் என்று கண்டேன். குஞ்சு பொரித்தபின் ஆணும் பெண்ணும் மாறி மாறி இரை கொண்டுவருவதைக் கண்டேன். பூந்தேன் உண்ணும் பறவை, தன் குஞ்சுகளுக்கென்று சிறு பூச்சிகளையும் சிலந்திகளையும் தேடிப் பிடித்து வருவதைக் கண்டேன். தவிட்டுக்குருவிகள் கூட்டமாகவே வந்து, கூட்டமாகவே சருகைக் கிளறி, ஒன்று அபாயக் குரல் கொடுத்தால் எல்லாம் சேர்ந்து கத்துவதைக் கண்டேன். அவற்றின் குஞ்சுகளுக்குத் தாய் தந்தையர் மட்டுமன்றிக் கூட்டத்திலுள்ள மற்றப் பறவைகளும் இரை ஊட்டும். நம் அன்பியங்கள் பார்த்துக் கற்க வேண்டிய பாடம்! இத்தனையும் அறுபது ஆண்டுகளாக நான் வாழ்ந்த அதே முற்றத்தில்தான் நடந்திருக்கின்றன.

குஞ்சுகள் கூட்டைவிட்டுப் பறந்த காலையில் நானும் சன்னலருகே இருந்தேன். பதற்றத்தில் விசையைத் தட்டினேன். கிடைத்த படத்தில் ஆடுகின்ற கொடிக்கயிறு மட்டுமே இருக்கிறது. அதை நான் அழிக்கவில்லை. அந்தக் கயிற்றைப் பார்க்கும்போதெல்லாம் அன்று காலை என் நெஞ்சில் எழுந்த மகிழ்ச்சி திரும்ப எழுகிறது. அதைவிடப் பெரிய ஆதாயம் ஒன்றும் உண்டு. அம்மா இல்லாத அந்த முற்றத்துக் கதவை நான் இப்போது நாள்தோறும் திறக்கிறேன்.

நம் தமிழ்நாட்டில் மா. கிருஷ்ணன் என்று ஒரு பெருமகனார் வாழ்ந்தார். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். 1912-இல் பிறந்து 1996-இல் மறைந்தார். காட்டு விலங்குகளைக் கறுப்பு வெள்ளையில் படம் எடுத்ததில் அவருக்கு நிகர் சிலரே. ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் 1950 முதல் தம் இறுதிக் காலம்வரை இயற்கையைப் பற்றி ஒரு பத்தி எழுதிவந்தார். யானையையும் காட்டெருதையும் எழுதிய அதே கை, வீட்டருகே திரியும் எளிய உயிர்களைப் பற்றியும் அதே மரியாதையோடு எழுதிற்று. தொலைவில் உள்ளதே அழகு என்பதில்லை. பொறுமையோடு பார்க்கப்படுவது எதுவும் அழகே.

ஆகவே, அன்பர்களே, நாளுக்கு ஒரே ஒரு படம் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலை வெயில் சாய்வாக விழும் நேரம் நல்ல நேரம். பறவையை அதன் போக்கில் விடுங்கள், கூட்டை நெருங்காதீர்கள், மறைக்கிறது என்று கிளையை ஒடிக்காதீர்கள். வீட்டு நாயையோ பூனையையோ எடுப்பதாயின், நின்றபடி எடுத்தால் முதுகுதான் தெரியும். முழங்காலிட்டு அதன் கண்மட்டத்துக்கு இறங்குங்கள். அப்போதுதான் அதன் முகம் உங்களுக்குக் கிடைக்கும். பிள்ளைகளை எடுக்கும்போதும் அப்படியே. தாழ இறங்காதவனுக்கு எவருடைய முகமும் முழுமையாகத் தெரிவதில்லை.

நண்பர்களைப் படம் எடுக்கும்போது வரிசையில் நிறுத்தி விறைக்கச் செய்யாதீர்கள். அவர்கள் வேலையில் இருக்கும்போது, இசைவு பெற்று, எடுங்கள். பிறருடைய வறுமையையும் துயரையும் ஒருபோதும் வேடிக்கைப் பொருளாக்காதீர்கள். நல்லதாய் அமைந்த படத்தை அச்சிட்டு, உரியவர் கையில் கொடுங்கள். கோவிலுக்கு வர இயலாமல் படுக்கையில் இருக்கும் முதியவரிடம், அவர் வளர்த்த வேப்பமரத்தில் இன்று அமர்ந்த குயிலின் படத்தைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். அவர் முகம் மலர்வதைக் காண்பீர்கள்.

அன்பு முந்தினால் பறவைகள் தாமே நம்மை நாடி வரும். திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளத்தில் நாரைகள் வீடுகளுக்கு நடுவேயுள்ள மரங்களில் கூடு கட்டுகின்றன. இமயத்தைத் தாண்டி வரும் பட்டைத்தலை வாத்துகளும் அவ்வூர்க் குளத்துக்கு வருகின்றன. அரசு அதனைச் சரணாலயமாக அறிவித்தது 1994-இல். மக்கள் அன்போ அதற்கும் மிக மூத்தது. சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், வேட்டங்குடிச் சரணாலயப் பறவைகள் அஞ்சுமே என்று தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. பிள்ளைகள் கையில் மத்தாப்பு இருந்தும் வெடி இல்லாத அந்த இரவு, எத்துணை உயர்ந்த கொடை!

வானத்துப் பறவைகளையும் வயல்வெளி மலர்களையும் உற்று நோக்குமாறு ஆண்டவரே நமக்குக் கற்பித்தார். அது கவலையுற்ற மனத்துக்கு அவர் தந்த மருந்து. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் எழுதிய ‘லவுதாத்தோ சீ’ மடலில், அழகிய ஒன்றின் முன் நின்று வியக்கக் கல்லாதவன் எல்லாவற்றையும் பயன்படுத்தி எறியும் பண்டமாகவே நடத்துவான் என்ற கருத்தைச் சொல்கிறார். அம்மடலின் பெயர் அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ் பாடிய கதிரவன் கீதத்திலிருந்து வந்தது. அந்தக் கீதத்தைப் பாடியபோது புனிதர் கண்நோயால் வெளிச்சத்தையே தாங்க முடியாத நிலையில் இருந்தார் என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். ஆண்டுக்கணக்காக அன்போடு பார்த்துச் சேர்த்து வைத்தவை, கண் மங்கிய நாளிலும் அவருக்குள் ஒளிவீசின.

தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் சிலுவைப்பாதையின் ஆறாம் நிலையில் நாம் முழந்தாளிடுகிறோம். வெரோணிக்காவின் வரலாறு நற்செய்தி நூல்களில் இல்லை. திருச்சபையின் பழமையான மரபு அதைப் போற்றிவருகிறது. படம் எடுப்போர்க்கு அவரே பாதுகாவலர் என்றும் மரபு கூறும். சற்றுச் சிந்தியுங்கள்: அந்தப் பெண்மணி படம் எடுக்கச் செல்லவில்லை. வியர்வையும் குருதியும் வழிந்த ஒரு முகத்தைத் துடைக்கச் சென்றார். அன்பினால் நீட்டிய துணியில் திருமுகம் தானே பதிந்தது. படம் அவர் தேடிய பொருளன்று. அவர் பெற்ற கைம்மாறு.

என் மாமாவின் பன்னிரண்டாம் படமும் தேடாமல் கிடைத்ததுதான். அதில் பதிந்திருப்பது அம்மாவின் முகம் மட்டுமா? தம்பியிடம் கூச்சமின்றிச் சிரித்த ஓர் அக்காளின் அன்பும் சேர்ந்தே பதிந்திருக்கிறது.

இந்த மாதம் ஒன்று செய்யுங்கள். உங்கள் இல்லத்தில் எப்போதும் பின்வரிசையில் நிற்பவர் யார் என்று பாருங்கள். அவர் மாவு அரைக்கும்போதோ, பூச்செடிக்கு நீர் ஊற்றும்போதோ, அருகே சென்று முதலில் அவருடைய வேலையில் கொஞ்சம் கைகொடுங்கள். படம் அதன்பின் எடுக்கலாம்.