இலவசம் மட்டும் போதுமா?

இன்றைய உலகம் கணிப்பொறி உலகம். தேர்வு முடிவானாலும், வங்கிக் கணக்கானாலும், ரயில் டிக்கெட்டானாலும் எங்கோ ஓர் அறையில் இரவு பகலாய் உழைக்கும் சர்வரே நமக்கு விடை தருகிறது. இணையத்தைத் தாங்கும் சர்வர்களில் பெரும்பாலானவை லினக்சில் இயங்குகின்றன. 1991இல் அதனைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ், அப்போது 21 வயது மாணவர். 1993இல் டெபியன் என்னும் லினக்சு வகையைத் தொடங்கிய இயன் முர்டாக்குக்கு வயது 20. என் வயதுதான்!

லினக்சு காசின்றிக் கிடைக்கிறது. குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆளாகிய என் போன்றோருக்கு இது பெரும்பேறு. ஆனால் இலவசமாய்க் கிடைத்தால் மட்டும் போதுமா? போதாது என்பதே என் கருத்து. பொருத்தமானதைத் தேர்ந்தெடுக்கும் அறிவு இல்லையேல் இலவசமும் வீணே.

நல்லவாட்டு மீனவர் ஒருவர் படகு எஞ்சினுக்கு உதிரி பாகம் வாங்கப் போனால், எஞ்சின் எந்தக் கம்பெனி, எத்தனை குதிரைத்திறன் என்று சொல்லித்தான் பேச்சையே தொடங்குவார். சர்வருக்கு மென்பொருள் தேடுவோரும் அவ்வாறே மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். நம் சர்வரில் இருப்பது எந்த லினக்சு, எந்தப் பதிப்பு? அதன் செயலி இன்டெல் வகையா, ஆர்ம் வகையா? இந்த மென்பொருள் வேறு எவற்றைச் சார்ந்து நிற்கிறது?

மூன்றாவது கேள்வியே முக்கியமானது. 2021இல் வந்த டெபியன் 11இல் உள்ள சி நூலகம் 2.31, 2023இல் வந்த டெபியன் 12இல் உள்ளது 2.36. புதியதை நம்பி ஆக்கப்பட்ட நிரல் பழையதில் ஓடாது. முன்னதில் பி.எச்.பி. 7.4, பின்னதில் 8.2. பழையதற்கு எழுதிய வருகைப்பதிவு நிரல் புதியதில் தடுமாறலாம்.

டெபியன் 12இன் களஞ்சியத்தில் 64,000க்கும் மேற்பட்ட பேக்கேஜ்கள் உள்ளன. எல்லாம் அந்தப் பதிப்புக்கென்றே ஆக்கிச் சோதித்தவை. இதை விடுத்து, எவரோ எழுதிவைத்த கட்டளையை நம்பி வேறு பதிப்பின் களஞ்சியத்தை இதனோடு கலப்பது, வேட்டிக்குக் கோட்டுத்துணியால் ஒட்டுப்போடுவது போலாகும். இவ்வாறு கலந்து கெட்ட சர்வருக்கு டெபியன் அன்பர்கள் ‘பிராங்கன்டெபியன்’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்!

“களஞ்சியத்தில் இருப்பது பழசாயிற்றே, புதியதன்றோ சிறந்தது?” என்பார் உண்டு. சர்வருக்கு வேண்டியது புதுமையன்று, நிலைத்தன்மை. பதிப்பெண் மாறாமலே பாதுகாப்புத் திருத்தங்கள் அதில் சேர்க்கப்படுகின்றன. புதியதே வேண்டுமெனில், அந்தப் பதிப்புக்கேற்ப மறுபடி ஆக்கித் தரும் ‘பேக்போர்ட்ஸ்’ உண்டு. நிறுவும் முன் ஒத்திகை பார்க்கவும் ஆப்ட்-கெட் கட்டளையில் வழியுண்டு. எது வரும், எது போகும் என்று அது முன்னரே காட்டிவிடும்.

ஆயுளையும் பார்க்க வேண்டும். சென்டோஸ் 8 என்னும் லினக்சு 2029 வரை இருக்கும் என்று நம்பியிருந்தோருக்கு, 2020 டிசம்பரில் பேரிடி விழுந்தது. 2021 டிசம்பர் 31ஆம் நாளோடு அதன் ஆதரவு முடிந்தது. வகையைத் தேர்ந்தெடுப்பதும் பொருத்தம் பார்ப்பதன் ஒரு பகுதியே.

இவற்றை ஏட்டில் படித்தால் வாராது. ஆதலின் ஆசிரியப் பெருமக்களிடம் ஒரு வேண்டுகோள். ஒதுக்கிவைத்த பழைய கணிப்பொறி ஒன்றில் டெபியனையோ, அதனை அடிப்படையாய்க் கொண்டு நம் நாட்டின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்சையோ நிறுவி எங்கள் கையில் தாருங்கள். கெட்டால் மீண்டும் நிறுவுவோம். எந்தப் பேக்கேஜ், எந்தப் பதிப்பு, ஏன் தேர்ந்தோம் என்று ரெக்கார்டு நோட்டில் தமிழிலேயே எழுதச் செய்யுங்கள். அடுத்த ஆண்டு மாணவர்க்கு அதுவே வழிகாட்டியாகும்.

மாணவ நண்பர்களே! விலை கொடுத்து வாங்கும் வசதி நம்மில் பலருக்கு இல்லை. வழிசொல்ல வீட்டிலும் ஆளில்லை. பொருத்தம் அறிந்து தேர்ந்தெடுக்கும் திறனே நமக்கு முதல். அதனை இந்தக் கல்லூரி நாட்களிலேயே சேர்த்துக்கொள்வோம்!