இயக்கியில்லாக் கருவி தேடுவார்க்கு

லினக்ஸ் கணினிக்கு இயக்கி எழுதப் பயில விரும்பும் மாணவர் சிலர், இங்கே தம்பிலுவில்லில் என்னை அடைந்து, "எவரும் இன்னும் இயக்கி எழுதாத மலிவான கருவி எங்கே கிடைக்கும், சேர்?" என்று வினவுவதுண்டு. கேள்வி நல்லதே, ஆயினும் அதனுள் ஒரு மயக்கம் உறைகின்றது என்பது எனது துணிபு.

இயக்கி என்பது கருவிக்கும் கெர்னலுக்கும் இடையே நின்று பேசும் துபாஷி. கருவியைச் செய்தவன் அதன் மொழியை மறைத்துவைத்தால், துபாஷி அதனை ஒட்டுக்கேட்டே அறிதல் வேண்டும். பிரான்சு நாட்டவரான மிஷேல் க்ஸார், தொழிலால் மருத்துவர். 2007 அளவில் 200க்கு மேற்பட்ட வெப்காமரா வகைகளை லினக்ஸில் இயங்கச் செய்திருந்தார். அவர் பணியின்மேல் வளர்ந்த ஜிஎஸ்பிசிஏ என்னும் இயக்கித் தொகுதி 2008இல் கெர்னலிற் சேர்ந்தது. பின்னர் யூவீசி என்னும் பொது நியமம் பரவவே, புதிய காமராக்களிற் பெரும்பாலானவை ஒரே இயக்கிக்கு அடங்கிவிட்டன.

ஆகவே இன்று கல்முனையிலே பழம்பொருட் கடைகளைத் துருவினாலும், கையில் அகப்படுவது அநேகமாக, செருகியவுடன் இயங்கும் கருவியாகவே இருக்கும். மாணவர் இதனைக் குறையென எண்ணிச் சோர்வர். நான் அவ்வாறு எண்ணேன். விடையுள்ள கணக்கன்றோ தொடக்கத்திற் செய்யத் தக்கது?

எண்விசைப் பலகையோ சிறு விளக்கோ, மலிவான யூஎஸ்பி கருவி ஒன்றை எடுத்துக்கொள்க. அதனைச் செருகி, எல்எஸ்யூஎஸ்பி என்னும் கட்டளையை இட்டால், பதினறும முறையில் நந்நான்கு இலக்கங்கொண்ட இரண்டு எண்கள் தோன்றும்; முன்னது செய்தவனையும் பின்னது பொருளையும் சுட்டும். உள்ள இயக்கியை விலக்கிவிட்டு, அதன் மூலநிரலைப் பாராது, தானே ஒன்றை எழுதுக. யூஎஸ்பிமான் என்னும் வசதி கருவிக்குச் செல்வதையும் வருவதையும் காட்டித்தரும். முடித்தபின் ஒப்புநோக்குக. கிரெக் குரோவா-ஹார்ட்மன் 2004இல் லினக்ஸ் ஜேர்னல் இதழில் இவ்வித்தையை விளக்கியபோது எடுத்துக்கொண்டதும் ஒரு சிறு யூஎஸ்பி விளக்கையே. அவரும் சேர்ந்தெழுதிய 'லினக்ஸ் டிவைஸ் டிரைவர்ஸ்' நூலின் 2005ஆம் ஆண்டுப் பதிப்பு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றது. கெர்னல் அதன்பின் வெகுவாக மாறியமையால் எடுத்துக்காட்டுகள் பல அப்படியே ஓடா; அவற்றைத் திருத்துவதும் ஒரு பயிற்சிதான். பிழையான இயக்கி கணினி முழுவதையும் உறையச் செய்துவிடுமாதலின், இதற்கெனப் பழங்கணினி ஒன்றை ஒதுக்குதல் நலம். தகப்பனாரின் கணினியிற் கைவைக்க வேண்டாம்!

இவ்வளவும் யாருக்கு என்று கேட்போர் உளர். கணினியைப் பாவிக்கத் தெரிந்தாற் போதும், அதன் உட்புறம் மேனாட்டாருக்குரியது என்பது அவர் கருத்து. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை நம் கரையைச் சூறையாடியபின், இந்நாட்டு நிரலாளர் எழுதிய 'சகானா' என்னும் கட்டற்ற மென்பொருள், 2006ஆம் ஆண்டுக்கான கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் சமூகநல விருதைப் பெற்றது. அவரும் நம்மைப் போன்றவரே.

ஆசிரியர்களிடம் ஒரு விண்ணப்பம்: பாடசாலைக் கணினிக்கூடத்தில் ஒரு பெட்டி வையுங்கள், ஊரார் கழித்த விசைப்பலகை, காமரா, விரலடையாள வாசிப்பான் யாவும் அதில் வந்து சேரட்டும். இவற்றுள் இறுதியிற் சொன்னவற்றிலே, இயக்கி இல்லாதவை இன்றும் அகப்படும். என்னிடமுள்ள பழைய வெப்காமராவை முதலாவதாகத் தருகின்றேன்.