எல்லாவற்றையும் ஒரே சார்ட்டில் திணிக்காதீர்கள்

எக்ஸெல் தொகுப்பில் சார்ட் தயாரிப்பது மிக எளிது. டேட்டாவைத் தேர்ந்தெடுத்து, இன்ஸெர்ட் டேப் சென்று ஒரு கிளிக் செய்தால் போதும். வண்ண வண்ணமாய் ஒரு சார்ட் வந்து நிற்கும். இந்த எளிமையே பல நேரங்களில் நம்மை ஏமாற்றிவிடுகிறது என்பது என் கருத்து. இதனை எனக்குக் கற்றுக் கொடுத்தது என் தாயாரின் சர்க்கரை நோட்டுப் புத்தகம்.

என் தாயார் இன்சுலின் போட்டுக் கொள்பவர். காலையில் வெறும் வயிற்றில், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து, இரவு உணவுக்கு முன், படுக்கப் போகும்போது என நாள்தோறும் நான்கு முறை குளுக்கோமீட்டரில் பார்த்து, நோட்டில் எழுதி வைப்பார். உடல் வியர்த்துத் தூக்கம் கலைந்தால், விடியற்காலை மூன்று மணிக்கும் ஒரு முறை பார்ப்பார். இப்படி இரண்டு ஆண்டுகள் எழுதிய நோட்டுகளை, நான் விடுமுறை நாட்களில் உட்கார்ந்து எக்ஸெல்லில் ஏற்றினேன். தேதி, வேளை, சர்க்கரை அளவு, இன்சுலின் யூனிட், மாத்திரை, மாலையில் நடந்தாரா இல்லையா, குறிப்பு என ஏழு நெட்டு வரிசைகள். படுக்கை வரிசைகள் ஏறத்தாழ மூவாயிரம்.

வீட்டுக் கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை இது பெரிய டேட்டாதான். இவ்வளவையும் ஒரே பக்கத்தில் காட்டிவிட வேண்டும் என்று ஆசைப்பட்டேன். மாதச் சராசரிக்கு முப்பரிமாணத் தூண்கள், இன்சுலினுக்கு ஒரு கோடு, மாத்திரைக்கு இன்னொரு கோடு எனப் போட்டு, பின்புலத்திற்கும் வண்ணம் கொடுத்து, கலரில் பிரிண்ட் எடுத்துக் கொண்டு போனேன்.

டாக்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "படம் நன்றாக இருக்கிறது தம்பி. ராத்திரியில் வியர்க்கிறது என்று அம்மா சொல்கிறார்களே, அது இதில் எங்கே இருக்கிறது?" என்று கேட்டார்.

என்னிடம் பதில் இல்லை. அந்த விடியற்காலை அளவுகள் எல்லாம் சராசரிக்குள் மூழ்கிப் போயிருந்தன. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு மாதத்தில் எடுத்த 120 அளவுகளின் சராசரி 142 என வைத்துக் கொள்வோம். அவற்றோடு 58 என்ற அளவு மூன்று முறை சேர்ந்தாலும், சராசரி 140க்குத்தான் இறங்கும். சர்க்கரை 70க்குக் கீழ் போவது கவனிக்க வேண்டிய தாழ்நிலை. மாதத்தில் மூன்று இரவுகள் அப்படி நடந்திருந்தும், என் சார்ட்டில் அந்த மாதத்துத் தூண் மற்ற தூண்களைப் போலவே நின்றிருக்கும்.

சராசரி இப்படி ஏமாற்றும் என்பது புதிய செய்தி அல்ல. 1973ல் பிரான்ஸிஸ் ஆன்ஸ்கோம் என்ற புள்ளியியல் அறிஞர் நான்கு சிறிய டேட்டா தொகுப்புகளை வெளியிட்டார். ஒவ்வொன்றிலும் 11 புள்ளிகள். நான்கிலும் சராசரி ஒன்றே. ஒன்றுக்கொன்று உள்ள தொடர்பைக் காட்டும் எண்ணும் ஏறத்தாழ ஒன்றே. ஆனால் சார்ட்டாக வரைந்தால் ஒன்று சாய்ந்து ஏறும் புள்ளிக் கூட்டம், ஒன்று வளைவு, ஒன்று நேர்கோட்டை விட்டு ஒரு புள்ளி மட்டும் விலகியது, இன்னொன்று ஒரே ஒரு புள்ளியைத் தவிர மற்றவை செங்குத்தாக அடுக்கியது. புள்ளிகளை வரையாமல் சராசரியை மட்டும் வரைபவருக்கு இந்த வேறுபாடு தெரியவே தெரியாது.

வீட்டிற்கு வந்து மறுபடியும் உட்கார்ந்தேன். இந்த முறை முதலில் கேள்வியை ஒரு தாளில் எழுதிக் கொண்டேன்: "எந்த வேளையில், எப்படிப்பட்ட நாளில் சர்க்கரை இறங்குகிறது?" மாத்திரையும் குறிப்பும் இந்தக் கேள்விக்கு வேண்டாம் என விட்டுவிட்டேன். பில்டர் மூலம் வேளைகளைப் பிரித்து, ஐந்து வேளைக்கும் ஐந்து சிறிய ஸ்கேட்டர் சார்ட்டுகள் தயாரித்தேன். ஒவ்வொரு அளவும் ஒரு சிறு புள்ளி. நடந்த நாள், நடக்காத நாள் என அளவுகளை இரு நெட்டு வரிசைகளாகப் பிரித்ததால், எக்ஸெல் அவற்றை இரு வண்ணங்களில் காட்டியது.

இங்கே ஒரு முக்கிய எச்சரிக்கை. எக்ஸெல் ஒவ்வொரு சார்ட்டுக்கும் அதன் டேட்டாவுக்கு ஏற்ப அச்சின் அளவைத் தானே அமைத்துவிடும். அப்படி விட்டால் ஐந்தையும் ஒப்பிட முடியாது. எனவே செங்குத்து அச்சில் ரைட் கிளிக் செய்து, பார்மட் ஆக்ஸிஸ் பிரிவில் மினிமம், மேக்ஸிமம் இரண்டையும் எல்லாச் சார்ட்டிலும் ஒன்றாக அமைக்கவும். நான் 40, 300 என அமைத்தேன்.

பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவுடன் விஷயம் தெரிந்துவிட்டது. மூன்று மணிச் சார்ட்டில் புள்ளிகள் கொஞ்சம்தான். ஆனால் 70க்குக் கீழே கிடந்தவை பெரும்பாலும் மாலையில் நடந்த நாட்களின் வண்ணத்தில் இருந்தன.

டாக்டர் இதனைப் பார்த்தவுடன் மருந்தை மாற்றிவிடவில்லை. "வியர்த்த நாளில் மட்டும்தானே பார்த்திருக்கிறீர்கள்? ஒரு வாரம் நடந்த நாளும் நடக்காத நாளும் மூன்று மணிக்குப் பாருங்கள்" என்றார். சார்ட் கேட்ட கேள்விக்குத் தடயம் காட்டும். தீர்ப்புச் சொல்லாது என்பதை அப்போது புரிந்து கொண்டேன். அந்த ஒரு வாரமும் அதையே காட்டியது. மாலை நடையின் விளைவு இரவிலும் தொடரலாம் என விளக்கி, இன்சுலின் அளவைத் திருத்திக் கொடுத்தார்.

ஒரே சார்ட்டில் பல விவரங்களைக் காட்டவே கூடாதா என நீங்கள் கேட்கலாம். காட்டலாம். ஸ்வீடன் நாட்டு டாக்டர் ஹான்ஸ் ராஸ்லிங் காட்டிய குமிழிச் சார்ட் புகழ் பெற்றது. படுக்கை அச்சில் வருமானம், செங்குத்து அச்சில் ஆயுட்காலம், குமிழியின் பருமனில் மக்கள்தொகை, வண்ணத்தில் கண்டம், அசைவில் ஆண்டு என ஐந்து விவரங்கள் அதில் இருக்கும். ஆனாலும் நாடுகள் எப்படி முன்னேறின என்ற ஒரே கேள்விக்குத்தான் ஐந்தும் வேலை செய்கின்றன. என் முதல் சார்ட்டில் விவரங்கள் இருந்தன, கேள்வி இல்லை.

எக்ஸெல் 2013 முதல் பரிந்துரைக்கப்படும் சார்ட் வசதி இருக்கிறது. இன்று ஒரு வரி எழுதிக் கேட்டாலே சார்ட் வரைந்து தரும் புரோகிராம்களும் உள்ளன. தாராளமாகப் பயன்படுத்துங்கள். ஆனால் எந்த நெட்டு வரிசை எண், எது தேதி என்பது அவற்றுக்குத் தெரியும்; உங்கள் அம்மாவுக்கு இரவில் வியர்க்கிறது என்பது தெரியாது. அதனைக் கேள்வியாக எழுத வேண்டியவர் நீங்கள்தான்.

மின் கட்டணம், குடும்பச் செலவு, பிள்ளைகளின் மதிப்பெண் என எதுவாக இருந்தாலும், மவுஸைத் தொடும் முன் கேள்வியைத் தாளில் எழுதுங்கள். முப்பரிமாணத்தை விடுங்கள். சராசரி எடுக்கும் முன் புள்ளிகளை ஒரு முறை வரைந்து பாருங்கள்.

என் தாயார் இப்போதும் மாலையில் நடக்கிறார். நோட்டில் எழுதுவதையும் விடவில்லை.