விதி வேறு, தலைவிதி வேறு

மும்பைத் தமிழர் வாயில் நாள் தவறாமல் வந்து போகும் சொல் ‘ரூல்’. ரேஷன் கடையில் ரூல், ஆஸ்பத்திரியில் ரூல், வங்கியில் ரூல், ஸ்டேஷனில் ரூல். கவுண்ட்டருக்குப் பின்னால் இருப்பவர் “அதற்கு ரூல் இல்லை” என்று சொல்லிவிட்டால் போதும். முன்னால் நிற்பவர் தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்துவிடுகிறார். அரை நாள் கூலி போனதுதான் மிச்சம். எந்த ரூல், அதைப் போட்டது யார், எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்பவர் அபூர்வம்.

இந்தப் பணிவுக்கு ஒரு காரணம் தமிழ்ச் சொல்லிலேயே இருக்கிறது. ரூல் என்பதற்குத் தமிழில் ‘விதி’ என்கிறார்கள். பிரம்மன் நெற்றியில் எழுதியதாகச் சொல்லப்படுவதும் விதிதான். தலைவிதியை யாரும் மாற்ற முடியாது, அதை எதிர்த்து யாரிடமும் மனுக் கொடுக்க முடியாது. அரசாங்க விதியையும் பலர் அந்தக் கணக்கிலேயே சேர்த்துவிடுகிறார்கள்.

ஆனால் பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியர் புணர்ச்சி விதி நடத்தும்போது யாரும் தலைவிதியை நினைப்பதில்லை. அங்கே விதி என்றால் நூலில் எழுதப்பட்டிருப்பது. இன்ன நூலில் இன்ன சூத்திரம் என்று எடுத்துக் காட்டக் கூடியது. விதி இருந்தால் விதிவிலக்கும் உண்டு, அதுவும் நூலிலேயே இருக்கும். அரசாங்க விதி இந்த இனத்தைச் சேர்ந்தது.

வடக்கே வந்தபின் குழப்பம் இன்னும் கூடுகிறது. இந்தியில் ‘விதி’ என்றால் சட்டம். டில்லியில் சட்ட அமைச்சகத்துக்கு இந்திப் பெயரே ‘விதி’ என்றுதான் தொடங்குகிறது. தமிழர் விதி என்பதை அவர்கள் ‘நியம்’ என்கிறார்கள். நாடாளுமன்றம் இயற்றும் சட்டம் ‘அதிநியம்’. மராத்தியில் சட்டத்துக்கு ‘காயதா’. இத்தனைச் சொற்களும் ஒரே கவுண்ட்டரில் புழங்கும்போது, கேட்பவர் காதில் எல்லாம் ஒன்றாகத்தான் விழும்.

மூன்றும் ஒன்றல்ல

ரயிலில் ஊருக்குப் போகிறவர் எல்லோருக்கும் தெரிந்த மூன்று காரியங்களை எடுத்துக் கொள்ளலாம்.

டிக்கெட் இல்லாமல் ஏறியவரிடம் கூடுதல் கட்டணம் வசூலிக்க அதிகாரம் தருவது 1989-ஆம் ஆண்டின் ரயில்வே சட்டம். இது நாடாளுமன்றம் இயற்றியது. அதை மாற்ற நாடாளுமன்றம்தான் கூட வேண்டும்.

எடுத்த டிக்கெட்டை ரத்து செய்தால் எவ்வளவு பிடிப்பார்கள் என்பதைச் சொல்வது 2015-ஆம் ஆண்டின் ரத்து மற்றும் கட்டணம் திரும்பப் பெறுதல் விதிகள். இவற்றை எழுதியது மத்திய அரசு. சட்டம் கொடுத்த அதிகாரத்தைக் கொண்டு எழுதியது. சரியான பொருளில் ‘ரூல்’ என்பது இதுதான். 1897-ஆம் ஆண்டின் பொது வாசகங்கள் சட்டமும் இப்படியே சொல்கிறது: ஒரு சட்டம் வழங்கிய அதிகாரத்தின்படி செய்யப்பட்டதே விதி.

நடுப் படுக்கையை இரவு 10 மணிக்குத்தான் விரிக்கலாம், காலை 6 மணிக்கு மடக்கிவிட வேண்டும் என்பது மூன்றாவது. முன்பு இது இரவு 9 மணி. 2017-இல் 10 மணி ஆயிற்று. அதற்காக நாடாளுமன்றம் கூடவில்லை. ரயில்வே அமைச்சகத்தின் ஒரு சுற்றறிக்கையே போதுமானதாக இருந்தது.

சட்டம், விதி, சுற்றறிக்கை ஆகிய மூன்றும் ஒரே உயரத்தில் இல்லை. விதி சட்டத்தை மீறக் கூடாது. சுற்றறிக்கை விதியை மீறக் கூடாது. இந்த மூன்றுக்கும் கீழே நாலாவதாக ஒன்று உண்டு. அதுதான் ஆபீஸ் வழக்கம். “இங்கே அப்படித்தான்” என்பது அதன் முழு வாசகம். பல இடங்களில் ரூல் என்ற பெயரில் நடமாடுவது இந்த நாலாவதுதான்.

எழுதி வைத்தால் மட்டும் சட்டம் ஆகிவிடாது, அதை மக்களுக்கு அறிவிக்கவும் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1951-இலேயே சொல்லிவிட்டது. ஜெய்ப்பூர் சமஸ்தானத்தில் 1923-இல் தீர்மானம் போட்டு ஓர் அபினிச் சட்டம் கொண்டுவந்தார்கள். அதை எங்கும் வெளியிடவில்லை. பல ஆண்டுகள் கழித்து அதன்படி ஒருவருக்குத் தண்டனை விதித்தார்கள். யாருக்கும் தெரியாத சட்டத்தால் ஒருவனைத் தண்டிப்பது நியாயமாகாது என்று கூறி, நீதிபதி விவியன் போஸ் அந்தத் தண்டனையை ரத்து செய்தார். அதனால்தான் விதிகள் கெஜட்டில் வெளியாகின்றன.

ரேஷன் கடையில்

இது வெறும் சொல் ஆராய்ச்சி அல்ல. வயிற்றைத் தொடும் விஷயம்.

ஊரில் ரேஷன் கார்டு வைத்துக்கொண்டு மும்பையில் வேலை செய்யும் குடும்பங்கள் ஏராளம். “வேறு மாநிலக் கார்டுக்கு அரிசி தர ரூல் இல்லை” என்ற பதில் ஒரு காலத்தில் சரியான பதிலாக இருந்தது. இன்று அது சரியல்ல. ஒரே நாடு ஒரே ரேஷன் கார்டு திட்டத்தில் 2022 ஜூனில் அஸ்ஸாமும் சேர்ந்தபின் எல்லா மாநிலங்களும் யூனியன் பிரதேசங்களும் அதில் வந்துவிட்டன. 2013-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் முன்னுரிமைக் கார்டு, அந்தியோதயா கார்டு வைத்திருப்பவர், ஆதார் இணைந்திருந்தால், எந்த மாநிலத்திலும் தமக்குரிய தானியத்தை வாங்கலாம். தமிழக அரசு தன் செலவில் கொடுக்கும் பருப்பும் பாமாயிலும் இங்கே கிடைக்காது. அது இந்தச் சட்டத்தில் சேர்ந்ததல்ல. இந்த வித்தியாசம் தெரிந்தவர் கடைக்காரரிடம் வீண் சண்டை போட மாட்டார். உரியதை விட்டுவிட்டும் வர மாட்டார்.

அப்படியும் “ரூல் இல்லை” என்றால் என்ன செய்வது? 2005-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம் நாலாவது பிரிவில் வழி சொல்கிறது. ஒவ்வொரு அரசு அலுவலகமும் தான் பயன்படுத்தும் விதிகளையும் அறிவுரைகளையும் கையேடுகளையும் தானாகவே வெளியிட வேண்டும். எடுத்த முடிவுக்குக் காரணம் என்ன என்று பாதிக்கப்பட்டவருக்குச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் பத்து ரூபாய் கட்டி மனுப் போடலாம். இந்தியில், ஆங்கிலத்தில், அல்லது இங்கே மராத்தியில் எழுதலாம். 30 நாளில் பதில் வர வேண்டும்.

குமாஸ்தாவின் பக்கம்

நாற்காலியில் இருப்பவருக்கும் ஒரு நியாயம் உண்டு. பெரிய மனிதரின் சிபாரிசுக் கடிதம் வரும்போது குமாஸ்தாவைக் காப்பாற்றுவது அந்த ரூல் புத்தகம்தான். வரிசையில் முன்னால் நிற்கும் கூலிக்காரரைக் காப்பாற்றுவதும் அதுவேதான். அவர் எழுந்து புத்தகத்தைப் புரட்டிக் காட்ட நேரம் இல்லாமல் கூட்டம் நெருக்குகிறது என்பதும் உண்மை. ஆனால் விதி எண்ணைச் சொல்ல அரை நிமிடம் போதும். எண்ணைச் சொல்ல முடியாத ரூலைச் சொல்லாமல் இருப்பதே மரியாதை.

‘ரூல்’ என்ற ஆங்கிலச் சொல்லின் லத்தீன் மூலத்துக்கு நேரான குச்சி என்று பொருள். ‘கானூன்’ அரபு வழியாக வந்தது, அதன் கிரேக்க மூலத்துக்கும் அளவுகோல் என்றே பொருள். தமிழில் இதைச் செங்கோல் என்றார்கள். வள்ளுவர் செங்கோன்மைக்கு ஓர் அதிகாரமும், அடுத்தாற்போல் கொடுங்கோன்மைக்கு ஓர் அதிகாரமும் வைத்தார். நேரான கோல் செங்கோல், வளைந்த கோல் கொடுங்கோல்.

வாத்தியார் கையில் இருந்த ரூல் தடியை அடிக்கும் தடியாக மட்டும் பார்த்துப் பழகியவர்கள், அதன் முதல் வேலை நேர்க்கோடு போடுவது என்பதை மறந்துவிட்டார்கள். இனி யாராவது “ரூல் இல்லை” என்றால் கோபப்பட வேண்டியதில்லை, கும்பிடவும் வேண்டியதில்லை. “எந்த ரூல், எந்த வருஷம், எழுதித் தாருங்கள் ஐயா” என்று கேட்டால் போதும்.